ரூட்டர் மெஷின் வேலை நடுவுல நின்னு நின்னு ஓடுதா? ஆர்மேச்சரை மாத்தறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

மரத்துல பள்ளம் போட, ஓரத்துல மோல்டிங் எடுக்க நாம வச்சிருக்கற ரூட்டர் மெஷினைப் பத்திதான் சொல்லப் போறேன். நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், பாதி பள்ளத்துல பொசுக்குன்னு நின்னுரும், தூக்கிப் பார்த்தா ஓடும், மறுபடி மரத்துல வச்சா நிக்கும். உடனே நிறைய பேரு ரீவைண்டிங் கடைக்கு தூக்கிட்டு போயிடறாங்க, ஆர்மேச்சர் (மோட்டார்க்குள்ள சுத்தற காயில் பாகம்) மாத்தணும்னு சொன்னா சரின்னு குடுத்துட்டு வந்துடறாங்க. ஆர்மேச்சர் போறது உண்டுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் பார்த்த வரைக்கும் நின்னு நின்னு ஓடுற மெஷின்ல முக்கால்வாசிக்கு ஒயர், கார்பன் (சுத்தற ஆர்மேச்சருக்கு கரண்டைக் கொண்டு போற கரிக்கட்டி), சுவிட்ச் இந்த மூணுல ஒன்னுதான் காரணமா இருந்துருக்கு. மூணையும் நாமளே பார்த்துக்கலாம்.

முதல்ல ஒரு பழக்கத்தைக் கத்துக்குங்க. மெஷின் தானா நின்னுச்சுன்னா முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, அடுத்து பிளக்கைப் பிடுங்குங்க, பிட் (மரத்தை வெட்டற அலகு) முழுசா நின்னுருச்சான்னு பாருங்க, அதுக்கப்புறம்தான் தூக்கணும். எங்க பட்டறையில ஒரு தம்பி, நின்னுருச்சேன்னு மெஷினைக் கவுத்துப் போட்டு பிட் லூசான்னு பார்க்க கையைக் கொண்டு போனான், கால் பட்டு ஒயர் ஒரு இழு இழுத்துச்சு, அவ்வளவுதான், சர்ருன்னு ஓட ஆரம்பிச்சுருச்சு. கை ஒரு ஜாண் தள்ளி இருந்ததால தப்பிச்சான். நிமிஷத்துக்கு 20,000 சுத்து சுத்தற பிட்டு, விரல் போனா போனதுதான். கீழ நான் சொல்றதுல ஓட்டிப் பார்க்கறதைத் தவிர மத்த எல்லா சோதனையும் பிளக்கைப் பிடுங்கி, அந்த பிளக் நம்ம கண்ணு முன்னாடி டேபிள் மேல கிடக்கும்போதுதான் செய்யணும், சாக்கெட்ல சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணிட்டு கழட்டாதீங்க, யாராவது வந்து தட்டிவிட்டுடுவாங்க.

இந்த மெஷினுக்குள்ள கரண்ட் போற வழி எப்படின்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. மிக்ஸி, கிரைண்டிங் மெஷின், டிரில் எல்லாத்துலயும் இருக்கற அதே வகை மோட்டார்தான் இது. பிளக்ல இருந்து ஒயர், ஒயர்ல இருந்து சுவிட்ச், ஸ்பீடு கன்ட்ரோல் இருந்தா அந்த போர்டு, ஃபீல்டு காயில் (சுத்தாம நிக்கற காயில்), ஒரு கார்பன், ஆர்மேச்சர், அடுத்த கார்பன், திரும்ப ஒயர். எல்லாம் வரிசையா ஒரே வழி, குறுக்கு வழி கிடையாது. அதனால இதுல எந்த இடத்துல ஒரு முடி அளவு தொடர்பு விட்டாலும் மெஷின் மொத்தமா நின்னுரும். அதனாலதான் நின்னுருச்சுங்கறதை மட்டும் வச்சு எந்த பார்ட்டுன்னு சொல்ல முடியாது, எப்படி நின்னுச்சுன்னு பார்க்கணும்.

சத்தம் குறையாம, வாசனை வராம, சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரியே டக்குனு நின்னா ஒயர், சுவிட்ச், இல்லைன்னா கார்பன். மெஷினை ஒரு பக்கம் தள்ளும்போது மட்டும் நிக்குது, திருப்பினா ஓடுதுன்னா பெரும்பாலும் ஒயர். சத்தம் இறங்கி இறங்கி முக்கி முனகி நின்னா லோடு, வோல்டேஜ், இல்லைன்னா பேரிங். பத்து நிமிஷம் ஓடி நின்னு, கால் மணி நேரம் ஆறினதும் மறுபடி ஓடுதுன்னா சூடுதான் விஷயம். நிக்கறதுக்கு முன்னாடி காத்து போற ஓட்டை வழியா நீலமா பொறி சுத்தி வளையமா தெரிஞ்சா கார்பன், இல்லைன்னா கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சர்ல கார்பன் உரசற செம்புப் பட்டை உருளை). இன்னொன்னு, இப்ப வர்ற சில மெஷின்ல கரண்ட் ஒரு நொடி போயிட்டு வந்தா தானா ஓடாம இருக்க ஒரு பாதுகாப்பு வச்சிருக்காங்க, சுவிட்சை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் ஓடும். உங்க மெஷின் அந்த மாதிரி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஒழுங்கா ஓடுதுன்னா, மோட்டாரைத் தொடறதுக்கு முன்னாடி கரண்ட் வர்ற பக்கத்துல எங்கயாவது விட்டு விட்டு வருதான்னு பாருங்க.

சுவர்ல இருந்து ஆரம்பிங்க. அரை இன்ச் தண்டு உள்ள பிட் போடற பெரிய ரூட்டர் 1800 வாட் இருந்தா 230 வோல்ட்டுல கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். இதைக் கொண்டு போய் 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி, அதே பாக்ஸ்ல தூசி இழுக்கற வேக்குவமையும் சொருகினா பாக்ஸுக்குள்ள இருக்கற பித்தளைப் பட்டை சூடாகி லூசாயிடும், அப்புறம் பிளக் ஆடும்போதெல்லாம் கரண்ட் விடும். பிளக்கைப் பிடுங்கி பின்னை தொட்டுப் பாருங்க, சுடுதுன்னா, இல்ல பின் ஓரம் கறுத்திருந்தா குத்தவாளி அங்கயே இருக்கான். பெரிய மெஷினை 16 ஆம்பியர் பாயிண்ட்லதான் போடணும். எக்ஸ்டென்ஷன் ஒயரும் முக்கியம். 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) ஒயர் 30 மீட்டர் இழுத்து அதுல 8 ஆம்பியர் ஓடினா ஒயர்லயே 12 வோல்ட் போயிடும், ஏற்கனவே சாயங்காலம் லைன்ல வோல்டேஜ் கம்மியா இருந்தா மெஷின் திணறும். 2.5 ஸ்கொயர் போட்டா அதே தூரத்துக்கு 4 வோல்ட் கூட போகாது. ஒயர் டிரம் வச்சிருக்கவங்க முழுசா உருவிவிட்டு ஓட்டுங்க, சுத்தி வச்சே ஓட்டினா உள்சுத்து சூடு வெளிய போக வழியில்லாம இளகிடும், சில டிரம்ல சூடானா தானா கட் ஆகற பட்டனும் இருக்கும், அது கட் ஆனதை மெஷின் ரிப்பேர்னு நினைச்சவங்களும் உண்டு. எக்ஸ்டென்ஷனே இல்லாம சுவர் பாயிண்ட்ல நேரா சொருகி ஓட்டிப் பாருங்க, அதே பாயிண்ட்ல வேற ஒரு மெஷினையும் ஓட்டிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்து மெஷினோட ஒயர். இதுல கொஞ்சம் நின்னு பாருங்க, ஏன்னா அதிகமா ஏமாத்தறது இதுதான். ஒயர் மெஷினுக்குள்ள நுழையற இடத்துல ஒரு ரப்பர் கழுத்து இருக்கும்ல, அந்தக் கழுத்து முடியற இடத்துலதான் ஒயர் தினமும் நூறு தடவை மடங்கும். போன வருஷம் ஒரு கிச்சன் வேலை, எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) ஷட்டர்ல பள்ளம் போட்டுக்கிட்டு இருந்தேன், எப்பவும் வலது மூலை வரும்போது நிக்கும், இடது பக்கம் வந்தா ஓடும். வெளிய ஒயர் புதுசு மாதிரி இருக்கு, ஒரு கீறல் கிடையாது. கழுத்துக்கு ரெண்டு விரல் தள்ளி பிடிச்சு அழுத்திப் பார்த்தா மத்த இடத்தைவிட அங்க மட்டும் கொழகொழன்னு இருந்துச்சு, உள்ள எலும்பு இல்லாத மாதிரி. பிளேடால தோலைச் சீவிப் பார்த்தேன், நீல ஒயருக்குள்ள இருந்த மெல்லிசு கம்பி அத்தனையும் அறுந்து, நாலஞ்சு இழை மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, நுனியெல்லாம் கறுப்பாகி, இன்சுலேஷன் உள்பக்கம் பொரிஞ்சு போயிருந்துச்சு. வலது பக்கம் தள்ளும்போது ஒயர் விறைச்சு அந்த நாலு இழையும் விலகும், அதான் விஷயம்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வைங்க, பிளக்கோட ஒரு பின்லயும் மெஷினுக்குள்ள அந்த ஒயர் முடியற ஸ்க்ரூலயும் குத்தி, ஒயரை கழுத்துப் பக்கமும் பிளக் பக்கமும் மெதுவா எல்லாத் திசையிலயும் மடக்குங்க. சத்தம் விட்டு விட்டு வந்தா கிடைச்சுருச்சு. மல்டிமீட்டர் இல்லைன்னா எலக்ட்ரீசியன் கிட்ட சீரிஸ் லேம்ப் (தொடர்பு இருந்தா எரியற சோதனை பல்பு) இருக்கும், அவரையே பார்க்கச் சொல்லுங்க. கழுத்துப் பக்கம் அறுந்திருந்தா அறுந்த இடத்தையும் தாண்டி ஒரு சாண் வெட்டிட்டு மிச்ச ஒயரை உள்ள கொண்டு போய் மாட்டலாம், நடுவுல முறுக்கி டேப் சுத்தறதை மட்டும் செய்யாதீங்க. ஸ்க்ரூல மாட்டற நுனிக்கு ஈயம் வைக்காதீங்க, ஈயம் நாளாக நாளாக நசுங்கி ஸ்க்ரூ லூசாயிடும், சின்ன பின் லக் (ஒயர் நுனிக்கு மாட்டற உலோகக் குழாய்) போட்டு நசுக்கி மாட்டுங்க. உள்ள ஒயரைப் பிடிச்சுக்கற கிளாம்ப் ஒன்னு இருக்கும், அதை மறக்காம இறுக்கணும், அது இல்லைன்னா இழுப்பு மொத்தமும் ஸ்க்ரூ மேலதான் விழும். புது ஒயர் போடறதா இருந்தா ரப்பர் தோல் போட்ட ஒயரா, பழைய ஒயருக்குள்ள எத்தனை கோர் (உள் ஒயர்) இருந்துச்சோ அத்தனையே இருக்கறதா கேட்டு வாங்குங்க, மடங்க மடங்க தாங்கும்.

சுவிட்ச் சீக்கிரம் முடியற விஷயம். எம்டிஎஃப் தூசி மாவு மாதிரி, எங்க வேணா நுழையும், டேபிளுக்கு அடியில தலைகீழா மாட்டி ஓட்டறவங்களுக்கு இன்னும் மோசம். பீப்ல வச்சு சுவிட்சோட ரெண்டு காலையும் தொட்டுக்கிட்டு இருபது தடவை ஆன் ஆஃப் பண்ணுங்க, ஒரு தடவை கூட விடக்கூடாது. விட்டா காத்து அடிச்சு, காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, நல்லா காய விட்டு மறுபடி பாருங்க. அப்பவும் விட்டா புதுசு போடுங்க, ஆம்பியர் பழைய சுவிட்ச்ல எழுதியிருக்கறதுக்குக் குறையக் கூடாது. எண்ணெய் மட்டும் விடாதீங்க, தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாயிடும்.

இப்ப கார்பன். மோட்டாரோட ரெண்டு பக்கமும் காசு சைஸ்ல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், தட்டை ஸ்க்ரூ டிரைவரால கழட்டினா ஸ்பிரிங்கோட கார்பன் வெளிய வரும், சில மெஷின்ல மேல் மூடியவே கழட்டணும். எடுக்கும்போது எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலன்னு பென்சிலால குறிச்சுக்குங்க, தேஞ்ச வளைவு மாறிப் போச்சுன்னா மறுபடி பொறி அடிக்கும். கார்பன்லயே தேய்மான கோடு இருக்கும், கோடு இல்லைன்னா 6 மில்லிமீட்டருக்கு கீழ வந்துட்டா மாத்திடுங்க. ஆட்டோ கட் கார்பன்னு ஒன்னு இருக்கு, அதுக்குள்ள குட்டியா ஒரு பிளாஸ்டிக் ஊசி ஸ்பிரிங்கோட ஒளிஞ்சு இருக்கும், கார்பன் தேஞ்சு ஒரு அளவுக்கு வந்ததும் ஊசி வெளிய குதிச்சு கார்பனை கம்யூட்டேட்டர்ல இருந்து தூக்கிடும். கம்யூட்டேட்டர் கெடக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் வச்ச ஏற்பாடு. வாசனை இல்ல, பொறி இல்ல, நேத்து வரைக்கும் நல்லா ஓடுன மெஷின் திடீர்னு செத்த மாதிரி நிக்கும், ரெண்டு கார்பன் மாத்தினா எந்திரிச்சுரும்.

நீளம் நிறைய இருந்தும் நிக்குதுன்னா கார்பன் சிக்கிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. கார்பனை அதோட கூட்டுல விட்டு விரலால அழுத்தி விடுங்க, ஸ்பிரிங் தானா தள்ளிட்டு வரணும். எம்டிஎஃப் தூசியும் கார்பன் பொடியும் சேர்ந்து கூட்டுக்குள்ள கறுப்பா படிஞ்சிருந்தா பாதியில நின்னுக்கும், சூடாகி விரியும்போது இன்னும் இறுகும், அதான் மெஷின் பத்து நிமிஷம் ஓடிட்டு நின்னு, ஆறினதும் ஓடறது. கூட்டை பழைய டூத் பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க. ஸ்பிரிங் நீலம் பாஞ்சிருந்தா சூட்டுல வலு போச்சுன்னு அர்த்தம், அதையும் மாத்தணும். மாத்தினா ரெண்டு பக்கமும் சேர்த்துதான் மாத்தணும். கடைக்குப் போகும்போது பழசைக் கையில கொண்டு போங்க, பெருசை உரசி சைஸ் பண்ணிக்கலாம்னு குடுப்பாங்க, கையால உரசினது கூட்டுல ஆடும் இல்ல சிக்கும், மறுபடி இதே பிரச்சினைதான். புது கார்பன் போட்டதும் பிட் இல்லாம, காலெட் நட்டையும் (பிட்டை இறுக்கிப் பிடிக்கற நட்டு) கழட்டி வச்சுட்டு, கம்மி ஸ்பீடுல கால் மணி நேரம் சும்மா ஓட விடுங்க, முகம் வளைவுக்கு உக்காரட்டும்.

கார்பன் எடுத்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு கம்யூட்டேட்டரைப் பாருங்க, கையால மெதுவா சுத்துங்க. காபி கலர்ல ஒரே சீரா பளபளன்னு இருந்தா அருமை. மொத்தமா கறுத்திருந்தா 600 நம்பர் உப்புத்தாளை மெல்லிசா கீறி லேசா உரசலாம், எமரி வேண்டாம், அந்தப் பொடி கரண்ட் கடத்தும், பட்டைக்கு நடுவுல போய் மாட்டிக்கும். ஒரே ஒரு பட்டை, இல்ல எதிரெதிர் ரெண்டு பட்டை மட்டும் எரிஞ்சு குழி விழுந்திருந்தா அந்தக் காயில் அறுந்திருக்கு, அப்பதான் ஆர்மேச்சர் பேச்சை எடுக்கணும்.

இது எல்லாம் சரியா இருந்தும் முக்கி முக்கி நிக்குதுன்னா நாம ஓட்டற விதத்தைப் பார்க்கணும். 12 மில்லி பிட்ல 18 மில்லி ஆழத்தை ஒரே தடவையில தள்ளினா எந்த மெஷினும் தாங்காது, தேக்குல கூட தாங்காது, 4, 5 மில்லியா நாலு தடவை போங்க. மொண்ணை பிட்டும் அதே சூட்டைக் கொண்டு வரும், மரம் கருகி வாசனை வந்தா பிட்டை மாத்துங்க. இன்னொரு விஷயம், மோட்டாரை ஆத்தற ஃபேன் அதே தண்டுலதான் இருக்கு, டயலைக் குறைச்சு வச்சுக்கிட்டு அழுத்தி வேலை வாங்கினா காத்தும் கம்மி சூடும் ஜாஸ்தி. பெரிய பிட்டுக்கு ஸ்பீடு குறைச்சுத்தான் ஆகணும், அப்ப ஆழத்தையும் சேர்த்துக் குறைங்க. கனமான வேலை முடிஞ்சதும் உடனே ஆஃப் பண்ணாம ஒரு நிமிஷம் வெறும்னே ஓட விட்டா உள்ள இருக்கற சூடு வெளிய போயிடும். தண்டை கையால சுத்தும்போது கரகரன்னு கேட்டா பேரிங், அதுவும் பிட் பக்கம் இருக்கற கீழ் பேரிங்தான் முதல்ல போகும். ஓரத்துல அடிச்சிருக்கற நம்பரைக் குறிச்சுக்கிட்டு ரப்பர் மூடி போட்டதா வாங்குங்க.

கடைசியா ஸ்பீடு போர்டு. டயலைத் திருப்பும்போது சத்தம் ஏறி இறங்கி ஆடினாலோ, திடீர்னு முழு ஸ்பீடுக்குப் போய் கட் ஆனாலோ இதைச் சந்தேகப்படணும். சில மெஷின்ல ஆர்மேச்சர் நுனியில ஒரு சின்ன காந்த வளையம் இருக்கும், போர்டு அதைப் பார்த்துதான் ஸ்பீடு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கும், அந்த வளையம் உடைஞ்சாலோ வழுக்கினாலோ இப்படி ஆகும். போர்டை பைபாஸ் பண்ணி டைரக்டா குடுத்துப் பாருன்னு யாராவது சொன்னா வீட்ல செய்யாதீங்க, போர்டு கட்டுப்படுத்தாம சில மோட்டார் அளவுக்கு மீறி சுத்தும். இந்த இடத்துலதான் கடைக்குப் போகணும், போகும்போது ஒயர், சுவிட்ச், கார்பன் மூணையும் பார்த்துட்டேன் அண்ணே, எல்லாம் சரியா இருக்கு, டயல் திருப்பினா இப்படி ஆடுதுன்னு சொல்லிக் குடுங்க, அவருக்கும் வேலை சுலபம்.

சரி பண்ணினதும் நேரா கஸ்டமர் பலகையில வைக்காதீங்க. பிட் இல்லாம அஞ்சு நிமிஷம், அப்புறம் பிட் போட்டு கழிவுக் கட்டையில 3 மில்லி ஆழத்துல பத்துப் பள்ளம், ஒயர் எல்லாப் பக்கமும் இழுபடற மாதிரி வலது, இடது, முன்ன, பின்ன போட்டுப் பாருங்க. நான் மூடியை ஒட்டி ஒரு மாஸ்கிங் டேப் போட்டு கார்பன் மாத்தின தேதியை எழுதி வச்சிருக்கேன், அடுத்த தடவை நின்னா முதல்ல அந்தத் தேதியைத்தான் பார்ப்பேன்.