வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போறீங்களா?

கிராமச் செவிலியரா இருந்த எனக்கு வயித்துல புளியைக் கரைச்சதெல்லாம் வளைகாப்பு நாள்தான். அதுவரைக்கும் பார்த்த டாக்டரும் நர்ஸும் ஒரு ஊர்ல, பிரசவம் இன்னொரு ஊர்ல. பலகாரத் தூக்கு மறக்காம வண்டி ஏறும், ஃபைல் பீரோவுக்குள்ளயே கிடக்கும்.

அதனால தங்கச்சி, முதல்ல ஃபைல். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஆதார் எல்லாம் ஒரே கவர்ல. மேல பிக்மி நம்பரும் (கர்ப்பத்தைப் பதிவு பண்ணப்போ கொடுத்த நம்பர்) ரத்த வகையும் பெரிய எழுத்துல. அம்மா ஊருக்குப் போனதும் அங்க உள்ள நர்ஸம்மாகிட்ட அட்டையைக் காட்டுங்க. நெகட்டிவ் குரூப்னா 28 வாரத்துல ஆன்டி-டி ஊசி போட்டாச்சான்னு கேளுங்க. குழந்தை பாசிட்டிவ்னா பிறந்து 72 மணி நேரத்துக்குள்ள இன்னொரு ஊசி உண்டு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழன்னா இரும்புச்சத்து மாத்திரையை விடாதீங்க, டீயோட மட்டும் போடாதீங்க.

எந்த ஆஸ்பத்திரின்னு இப்பவே முடிவு பண்ணுங்க. முன்னாடி சிசேரியன், இரட்டைக் குழந்தை, பிரஷர், ரத்தசோகை இதுல ஏதாவது இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதாது. ராத்திரியிலயும் ஆபரேஷனும் ரத்தமும் கிடைக்கிற சீமாங் மையம் எதுன்னு கேட்டு வைங்க.

வளையலையும் கவனிங்க. போட்டப்போ தளர்வா இருந்த கண்ணாடி வளையல் திடீர்னு கையைக் கவ்விப் பிடிக்குது, முகமும் ஊதியிருக்குன்னா அன்னைக்கே பிரஷர் பாருங்க. 140/90 தொட்டாலே டாக்டரைப் பார்க்கணும். கூடவே மண்டையைப் பிளக்குற தலைவலி, கண் மங்கல், மேல்வயித்து வலின்னா தைலம் தேய்ச்சுப் படுக்க வைக்காதீங்க, அடுத்தது வலிப்பா இருக்கலாம். உடனே 108.

ரத்தம் பட்டாலும், குழந்தை அசைவு குறைஞ்சாலும், பனிக்குடம் உடைஞ்சாலும் வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. தண்ணி பச்சையா இருந்தா அதையும் சொல்லுங்க.

இன்னொண்ணு, யாரும் வாய் திறந்து பேசாதது. நடுராத்திரியில ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்னா, "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்"னு அம்மா சொல்வாங்க. அவர் போன் எடுக்க மாட்டார். அப்புறம் மாமியார், அப்புறம் பெரியப்பா. இதுலயே பொழுது போயிடும். வளைகாப்புக்கு எல்லாரும் கூடியிருக்கும்போதே பேசிடுங்க: புள்ளத்தாச்சி கூட யார் இருக்காங்களோ, அவங்களே முடிவெடுத்துக் கிளம்பலாம். சம்பந்தி வருத்தத்தை அப்புறம் பார்த்துக்கலாம். ரத்தம் கொடுக்க ரெண்டு பேர், 108 தாமதமானா கூப்பிட பக்கத்துத் தெரு வண்டிக்காரர், இவங்க நம்பரைச் சுவத்துல எழுதி ஒட்டுங்க.

பிறந்த பிறகும் அசந்துடாதீங்க. ஒரு மணி நேரத்துல ஒரு பேடு முழுக்க நனைஞ்சா "தீட்டுதானே"ன்னு விடாம நர்ஸைக் கூப்பிடுங்க. சேனைன்னு சர்க்கரைத் தண்ணியோ தேனோ குழந்தை நாக்குல தொட்டு வைக்க யார் வந்தாலும் வேண்டாம்னு சொல்லிட்டு, முதல் மணி நேரத்துலயே தாய்ப்பால் கொடுங்க. அரசு ஆஸ்பத்திரியில பிரசவம்னா வீடு திரும்ப 102 வண்டி இலவசம். டிஸ்சார்ஜ் அன்னைக்குக் காலையிலயே வார்டு நர்ஸ்கிட்ட சொல்லி வைங்க.