நாற்காலியில் ஓர் ஆராதனை

வீட்டில் ஆராதிக்க எனக்குத் தனி அறை கிடையாது. சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். முதலில் செல்போனை வேறு அறையில் வையுங்கள். பைபிள் ஆப்பைத் திறக்கப்போய் வாட்ஸ்அப்பில் விழுந்த நாட்கள் எனக்கு நிறைய. அச்சுப் பைபிள் போதும்.

எடுத்த எடுப்பில் விண்ணப்பப் பட்டியலை நீட்டாதீர்கள். பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு பாடலை வாய்விட்டு வாசியுங்கள். 63ஆம் சங்கீதம் எனக்குப் பிடித்தது. தாவீது ராஜா அதைப் பாடியது யூதாவின் வனாந்தரத்தில் என்று தலைப்பே சொல்கிறது. ஒரு வரி மனதைத் தைத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சில நாள் நான் முதல் வசனத்தைத் தாண்டுவதே இல்லை.

பிறகு சும்மா இருங்கள். இதுதான் கஷ்டம். அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்பு வரும். எழுந்து பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள், பாவமில்லை. எலியா தீர்க்கதரிசி கர்த்தரைச் சந்தித்தது பெருங்காற்றிலோ பூமியதிர்ச்சியிலோ அக்கினியிலோ அல்ல; அதன்பின் வந்த மெல்லிய சத்தத்தில் (1 இராஜாக்கள் 19). உடம்பு சிலிர்க்காவிட்டால் தேவன் வரவில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். தப்புக் கணக்கு.

எந்த மலையில் தொழுவது என்ற பேச்சைச் சமாரியப் பெண் எடுத்தபோது, இடம் முக்கியமல்ல, "ஆவியோடும் உண்மையோடும்" தொழுவதே முக்கியம் என்ற பொருளில் இயேசு பதில் சொன்னார் (யோவான் 4). அதற்காக ஞாயிறு சபையை விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தில் இருப்பேன் என்றவரும் அவரே. பக்கத்தில் நிற்பவர் சுருதி தப்பினாலும் கூடவே பாடுங்கள். பெரும்பாலும் அந்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.