ஸ்கிரிப்டுக்குள் உட்கார்ந்திருக்கும் '30': சர்ட்டிஃபிகேட் புதுப்பிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் சேலம், ஈரோடு, வேலூர் பக்கத்துப் பிள்ளைகள். சேர்ந்த கொஞ்ச நாளில் அவர்களிடம் கொடுக்கப்படும் சின்ன வேலைகளில் ஒன்று, நிறுவனத்தின் டொமைன்களுக்கெல்லாம் சர்ட், அதாவது சைட் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ், தானாகப் புதுப்பித்துக்கொள்ள வழி செய்வது. அவர்கள் எழுதிக்கொண்டு வரும் ஸ்கிரிப்டைத் திறந்தால், நாங்கள் ஆரம்ப காலத்தில் எழுதிய அதே வரிகள் அப்படியே இருக்கின்றன. அன்று அந்த வரிகளால் பெரிய சேதம் வரவில்லை. ஒரு சர்ட் வாங்கினால் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடும். இன்று நிலைமை வேறு. சர்ட் வழங்கும் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி, அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்.

டொமைன் பெயரைத் தப்பாக அடிப்பது, 80ஆம் போர்ட்டை மூடி வைப்பது, பிரைவேட் கீயை, கோடு சேமிக்கும் கிட்டில் ஏற்றுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை எர்ரர் மெசேஜோ சீனியரோ அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் கழுத்தைப் பிடிக்கிற தவறுகள்தான் என் கவலை.

எப்போது புதுப்பிப்பது என்பதை ஓர் எண்ணாக எழுதி வைப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். இது இரண்டு வடிவத்தில் வரும்.

முதல் வடிவம் க்ரான், அதாவது குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் வசதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 1ஆம் தேதி, அதிகாலை ஓடு என்று எழுதிவிடுவார்கள். 90 நாள் சர்ட்டுக்கு இது போதும் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு நாள், டொமைன் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தகராறு செய்தால் அடுத்த வாய்ப்பு இரண்டு மாதம் கழித்துத்தான்; சர்ட்டோ ஒரு மாதத்தில் செத்துவிடும். இலவசமாக சர்ட் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தன் வழக்கமான 90 நாள் ஆயுளை 2027 பிப்ரவரியில் 64 நாளாகவும், 2028 பிப்ரவரியில் 45 நாளாகவும் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்தால் 62 நாள். 64 நாள் சர்ட்டை அந்த க்ரானிடம் கொடுத்தால் மிச்சம் இரண்டே நாள். 45 நாள் சர்ட் வந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வாரத்துக்கு மேல் சைட் கீழே கிடக்கும்.

இரண்டாவது வடிவம் கொஞ்சம் புத்திசாலித்தனமாகத் தெரியும். 'காலாவதிக்கு 30 நாளுக்குக் குறைவாக இருந்தால் புதுப்பி.' கோரமங்கலாவில் ஒரு சின்ன நிறுவனம் இதைத்தான் வைத்திருந்தது. தேதியைப் பார்த்து, 30க்குக் கீழே என்றால், சர்ட் வாங்கித் தரும் மென்பொருளான செர்ட்பாட்டை ஃபோர்ஸ் ரின்யூவல் (கேள்வி கேட்காமல் புதுப்பி) போட்டு அழைக்கும் ஸ்கிரிப்ட், மணிக்கு ஒருமுறை ஓடும். பிறகு ஒருநாள், பாதுகாப்பு கூடும் என்று ஒரு சர்வீஸை மட்டும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் ஆறு நாள் சர்ட்டுக்கு மாற்றினார்கள். ஸ்கிரிப்டை யாரும் தொடவில்லை. ஆறு நாள் சர்ட் பிறக்கும்போதே 30க்குக் கீழேதானே இருக்கிறது? அதனால் ஒவ்வொரு மணியும் ஒரு புது சர்ட். ஒரே டொமைன் பெயர்ப் பட்டியலுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் ஏழு நாளில் ஐந்து சர்ட்தான் தரும். ஐந்து மணி நேரத்தில் அது தீர்ந்தது. அதன் பிறகு ஏறத்தாழ 34 மணி நேரத்துக்கு ஒன்று என்று வாய்ப்பு திரும்பி வரும். அப்படி வந்ததையும் அதே ஸ்கிரிப்ட் உடனே விழுங்கிக்கொண்டிருந்தது.

கையில் செல்லுபடியாகும் சர்ட் இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இரவு, அந்த சர்வீஸ் ஓடும் கன்டெய்னரை மறுபடி கட்டினார்கள். சர்ட் இருந்த டைரக்டரி, மறுபடி கட்டினாலும் அழியாத நிரந்தர வால்யூமில் இல்லை. புது கன்டெய்னர் வெறுங்கையோடு எழுந்து சர்ட் கேட்டது, மறுப்புதான் வந்தது. எழுதிய பையன் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்து போன் செய்தான். "அக்கா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, கோடுல எதுவுமே மாத்தலையே." அவன் சொன்னது உண்மை. கோடு மாறவில்லை, அது நம்பியிருந்த ஆயுள் மாறிவிட்டது. பெயர்ப் பட்டியலில் இன்னொரு சப்டொமைனைச் சேர்த்து, அதை வேறு பட்டியலாக்கி, ஒரு சர்ட் வாங்கி அன்றிரவை ஓட்டினோம். அந்த வழியை எல்லா நேரமும் நம்ப முடியாது.

குறைந்தபட்சத் திருத்தம், நாள் கணக்கை விட்டுவிட்டுப் பங்கைக் கணக்கிடுவது. ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது புதுப்பிக்க வேண்டும். பத்து நாளுக்கும் குறைந்த சர்ட் என்றால் பாதி மிச்சமிருக்கும்போது. செர்ட்பாட்டே 4.0 பதிப்பில் தன் பழைய 30 நாள் கணக்கைக் கைவிட்டு இதற்கு மாறிவிட்டது. அதைத் தினம் இரண்டு முறை சும்மா ஓடவிட்டாலே போதும். நம் பிள்ளைகள் அதற்கு முன்னால் தங்கள் கணக்கு ஒன்றைப் போட்டு அதன் கணக்கைக் கெடுக்கிறார்கள்.

ஆனால் பங்கு கணக்கும் பாதிக் கிணறுதான். சர்ட் காலாவதியாகும் முன்பே, வழங்கிய நிறுவனமே அதைச் செல்லாது என்று திரும்பப் பெறலாம். 2020 மார்ச்சில், சிஏஏ (ஒரு டொமைனுக்கு யார் சர்ட் தரலாம் என்ற டிஎன்எஸ் குறிப்பு) சரிபார்ப்பில் இருந்த ஒரு பிழையால் லெட்ஸ் என்கிரிப்ட் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சர்ட்களைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. 2024 ஜூலை இறுதியில் டிஜிசெர்ட் என்ற இன்னொரு சர்ட் நிறுவனம், டிஎன்எஸ் சரிபார்ப்பில் ஓர் அண்டர்ஸ்கோர் விடுபட்டதற்காக 83,000க்கும் மேற்பட்ட சர்ட்களை 24 மணி நேரத்தில் மாற்றச் சொன்னது. விதிப்படி இந்த அவகாசம், காரணத்தைப் பொறுத்து 24 மணி நேரம் அல்லது ஐந்து நாள். 60 நாள் மிச்சமிருக்கும் சர்ட்டைப் பார்த்து 'எல்லாம் நலம்' என்று சொல்லும் ஸ்கிரிப்டுக்கு இது எப்படித் தெரியும்?

அதற்காகவே வந்தது ஏஆர்ஐ. சர்ட்டைத் தானாக வாங்கப் பயன்படும் ஏக்மி நெறிமுறைக்கான இந்த நீட்சி, 2025இல் ஆர்எஃப்சி 9773 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. உங்கள் மென்பொருள், சர்ட் வழங்கிய நிறுவனத்திடம் 'என் கையில் இருக்கும் இந்த சர்ட்டை எப்போது மாற்றலாம்?' என்று கேட்கும். பதிலாக ஒரு தொடக்க நேரமும் முடிவு நேரமும் வரும். சர்ட்டைத் திரும்பப் பெறப்போகிறார்கள் என்றால் அந்த இடைவெளியைக் கடந்த காலத்துக்கு நகர்த்திவிடுவார்கள். அதைப் பார்த்ததும் மென்பொருள் உடனே புதுப்பித்துக்கொள்ளும். நடுராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. கூடுதல் நன்மையாக, பழைய சர்ட்டைக் குறிப்பிட்டு ஏஆர்ஐ வழியாகச் செய்யும் புதுப்பிப்புகளை லெட்ஸ் என்கிரிப்ட் தன் எண்ணிக்கை வரம்புகளில் சேர்ப்பதில்லை. செர்ட்பாட் 4.1 முதல் ஏஆர்ஐயைப் புரிந்துகொள்கிறது. சர்ட் வாங்கித் தரும் மற்ற மென்பொருள்களான கேடி, லீகோ இரண்டிலும் உண்டு.

இதைச் சொந்தமாக எழுதுகிறவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, இடைவெளியின் தொடக்க நேரத்தையே எப்போதும் எடுத்துக்கொள்வது. நடுவில் ஏதாவது ஒரு நேரத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கச் சொல்லி நெறிமுறையே பரிந்துரைக்கிறது. எல்லா அலுவலகமும் ஒரே மணிக்கு விட்டால் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். இன்னொன்று, ஏஆர்ஐ பதில் வராதபோது 'புதுப்பிக்க வேண்டாம்' என்று எடுத்துக்கொள்வது. பதில் இல்லை என்றால் பங்கு கணக்குக்குத் திரும்ப வேண்டும். அந்த மாற்று வழி இல்லாத ஸ்கிரிப்டை நான் ரிவ்யூவில் பாஸ் செய்யவே மாட்டேன்.

டிஸ்கில் புதுசு, போர்ட்டில் பழசு

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், தான் தொடங்கும்போது சர்ட்டைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ஃபைல் மாறினாலும் ரீலோட் செய்யும்வரை பழையதையே காட்டும். ரீலோடை, செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் வையுங்கள். புது சர்ட் உண்மையிலேயே கிடைத்தால் மட்டும் அது ஓடும். வருகிறவர்களைப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் பல மெஷின் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொட்டு, அது காட்டும் சீரியல் எண்ணை ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் பழையதாக இருந்தால், வாடிக்கையாளர் சிலருக்கு மட்டும் எச்சரிக்கை வரும். உங்கள் பிரவுசரில் எல்லாம் சரியாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

புதுப்பிப்புக்கு மேனேஜர் ஒப்புதல்

பெரிய நிறுவனங்களில் பார்க்கிறேன். ஸ்கிரிப்ட் சர்ட்டை வாங்கி வைக்கும். அதைப் போடுவதற்கு சேஞ்ச் டிக்கெட், அதற்கு இரண்டு பேர் ஒப்புதல். தீபாவளிக்கு டிப்ளாய்மென்ட் ஃப்ரீஸ் (எந்த மாற்றமும் போடக் கூடாது என்ற தடை) அறிவித்ததும் புதுப்பிப்பும் அதோடு நின்றுவிடுகிறது. ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் திருநெல்வேலியில் இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை மாறிய சர்ட்டுக்கு அந்த நடைமுறை பொருந்தியிருக்கலாம். 47 நாள் சர்ட், மூன்றில் ஒரு பங்கு கணக்குப்படி, மாதம் ஒருமுறை மாறும். ஒப்புதலைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டுக்கு ஒரே ஒருமுறை வாங்குங்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கேட்காதீர்கள். ஃப்ரீஸ் பட்டியலில் சர்ட் புதுப்பிப்பு விதிவிலக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்திய ஐபி மட்டும்

'நம் வாடிக்கையாளர்கள் எல்லாம் இங்கேதான்' என்று வெளிநாட்டு ஐபிகளை ஃபயர்வாலில் அடைப்பார்கள். டொமைன் உங்களுடையதுதானா என்று பார்க்கும் ஒரே சரிபார்ப்பை லெட்ஸ் என்கிரிப்ட் 2020 முதல் உலகின் பல இடங்களிலிருந்து செய்கிறது. ஒயிட்ஃபீல்ட் அலுவலகத்திலிருந்து சைட் அழகாகத் திறக்கும், புதுப்பிப்பு மட்டும் தோற்கும். சரிபார்ப்பு முகவரிகளின் பட்டியலை அவர்கள் வெளியிடுவதில்லை என்பதால் அனுமதிப் பட்டியலும் போட முடியாது. அந்தச் சரிபார்ப்பு வந்து தட்டும் ஏக்மி சேலஞ்ச் பாதையை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புக்கு மாறுங்கள்.

நினைவூட்டல் மெயில் வரும் என்று இருப்பது

வராது. லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூன் 4ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

இந்திய நேரத்தில் கணக்குப் போடுவது

சர்ட்டுக்குள் இருப்பது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். கோடிலும் யுடிசியே இருக்கட்டும்.

அலாரத்திலும் அதே எண்

ஸ்கிரிப்டைத் திருத்திய பிறகும், கண்காணிப்பில் 'ஏழு நாளுக்குக் கீழே போனால் அலாரம்' என்ற வரி கிடக்கும். ஆறு நாள் சர்ட்டுக்கு அது பிறந்த நிமிடம் முதல் கத்தும். கொஞ்ச நாளில் யாரோ அதை மியூட் செய்துவிடுவார்கள். அலாரமும் பங்கில்தான் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கில் புதுப்பிப்பு நடக்க வேண்டும் என்றால், ஐந்தில் ஒரு பங்கில் அலாரம். குறுகிய ஆயுள் சர்ட்டில், பாதியில் புதுப்பிப்பு, மூன்றில் ஒரு பங்கில் அலாரம். அந்த அலாரத்தை, சர்ட் புதுப்பிக்கும் மெஷினிலேயே வைக்காமல் வேறு நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு மெஷினில் வையுங்கள். அது ஃபைலைப் படிக்காமல், வெளியாள் போல, சைட் சர்ட்டைக் காட்டும் 443ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்க்கட்டும்.