மகளுக்கு வந்த பாலுண்ணி: என் அனுபவம்

மகளின் அக்குள் ஓரத்தில் முத்து முத்தாய்ப் பருக்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் குழி. மஞ்சக்குப்பத்தில் தோல் டாக்டர் அந்தக் குழியைப் பார்த்ததுமே, "பாலுண்ணிம்மா இது, மொலஸ்கம்னு சொல்வாங்க, வைரஸால வர்றது. பெரும்பாலும் 6 முதல் 12 மாசத்துல தானா போயிடும். சிலருக்கு 18 மாசம்கூட ஆகும்" என்றார். உறைய வைத்தோ சுரண்டியோ எடுக்கலாமாம். ஆனால் வலிக்கும், தழும்பும் விழலாம். குழந்தைக்கு அது வேண்டாமென்று முடிவு செய்தேன்.

"சுண்ணாம்பு வெச்சா உதிர்ந்துடும்மா" என்றார் மாமியார். பிஞ்சுத் தோல் வெந்துவிடும் அத்தை என்று தடுத்துவிட்டேன்.

பருவுக்குள் இருக்கும் வெள்ளைப் பொருளில்தான் வைரஸ். சொறிந்தால் பக்கத்தில் பரவும். அதனால் நகத்தை ஒட்ட வெட்டினேன். அவளுக்கென்று தனித் துண்டு. தம்பியோடு ஒன்றாகக் குளிப்பதை நிறுத்தினேன். தோல் வறண்டு அரித்ததால் டாக்டர் சொன்ன கிரீமைக் குளித்ததும் தடவினேன். பருக்களைச் சட்டை மூடியிருந்ததால் பள்ளிக்கு வழக்கம்போல் போனாள்.

மாதங்கள் கழித்துச் சில பருக்கள் சிவந்து வீங்கின. பதறிப்போய் ஓடினேன். "உடம்பு எதிர்த்துப் போராடுதும்மா, நல்ல அறிகுறி" என்றார் டாக்டர். அப்படியே ஒவ்வொன்றாய் அமுங்கி மறைந்தன.

சீழ், காய்ச்சல் இருந்தாலோ கண் இமையில் வந்தாலோ காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.