பௌத்தமும் தியானமும்: எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

பௌத்தம் பற்றிப் படிக்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், முப்பது நாற்பது தலைப்புகள் கொண்ட பட்டியல் வந்து விழும். தேரவாதம் (இலங்கை, பர்மா பக்கத்து மரபு), ஜென் (ஜப்பான் பக்கத்து மரபு), திபெத்தியம், நடுவில் மன அழுத்தத்தைக் குறைக்க வழி சொல்லும் ரகம் என்று எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். ஒரு நூல் சொல்வதை அடுத்த நூல் மறுக்கும், புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றும். அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே புத்தகத்தில் தொடங்குங்கள். புத்தர் என்ன சொன்னார் என்பதற்கு ஒன்று, எப்படித் தியானத்தில் உட்கார்வது என்பதற்கு ஒன்று. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று காத்திருக்க வேண்டாம், தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டே இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

முதலாவதற்கு என் தேர்வு வால்பொல ராகுலவின் 'வாட் தி புத்தா டாட்'. 1959இல் வந்தது. ராகுல இலங்கை பிக்கு, கல்விப்புலத்திலும் பேர் பெற்றவர். சின்னப் புத்தகம்தான், ஆனால் துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, அதற்கான வழி என்னும் நான்கு உன்னத உண்மைகளுக்கு ஒவ்வோர் அத்தியாயம், ஆன்மா என்று ஒன்று இல்லை என்று சொல்லும் அந்தச் சிக்கலான இடத்துக்குத் தனி அத்தியாயம் என்று அவசரப்படாமல் விளக்கிக்கொண்டு போகிறார். பௌத்தம் என்றாலே எல்லாம் துக்கம் என்று புலம்பும் மதம் என நினைத்து வருகிறவர்கள் இரண்டாவது அத்தியாயத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இது தேரவாதப் பார்வை, அதிலும் தேவர்கள், சடங்கு, வழிபாடு எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி அறிவுக்கு ஒத்த பக்கத்தை முன்னே நிறுத்திய பார்வை. தொடக்கத்துக்கு அது பரவாயில்லை, பௌத்தம் முழுவதும் இவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

தியானத்துக்கு ஹேனேபொல குணரதனவின் 'மைண்ட்ஃபுல்னஸ் இன் ப்ளெய்ன் இங்கிலீஷ்'. இவரும் இலங்கையில் பிறந்த பிக்கு, பிறகு அமெரிக்காவில் மடம் அமைத்தவர். இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்ததே அதன் நடைமுறைப் புத்திதான். தியானம் என்பது எதுவெல்லாம் இல்லை என்று முதலிலேயே ஓர் அத்தியாயம் வந்துவிடுகிறது: மயக்கநிலை இல்லை, அதிசய சக்தி தேடுவது இல்லை, வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவதும் இல்லை. அப்புறம் மூக்கு நுனியில் மூச்சு படும் இடத்தைக் கவனிப்பது, மனம் அலைந்தால் மூச்சை எண்ணுவது, அடங்கியதும் எண்ணுவதை விட்டுவிடுவது என்று செய்முறை. அதற்கும் மேல், கால் மரத்துப்போனால் என்ன செய்வது, தூக்கம் வந்தால், சலிப்பு வந்தால், காரணமே இல்லாமல் பயம் வந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. உட்காரத் தொடங்கிய சில நாட்களிலேயே உங்களுக்கு வரப்போகிற கேள்விகள் இவை, அதனால் பிரச்சினைகள் பற்றிய அத்தியாயங்களை வரிசைப்படி காத்திருக்காமல் தேவைப்படும்போதே புரட்டிக்கொள்ளலாம்.

குணரதனவின் நடை பாடப்புத்தகம் போலத் தோன்றினால் ஜென் பிக்கு திக் நாட் ஹானின் 'தி மிராக்கிள் ஆஃப் மைண்ட்ஃபுல்னஸ்' இருக்கிறது. வியட்நாமில் போர்க்காலத்தில் சமூகசேவை செய்துகொண்டிருந்த இளைஞர்களுக்காக எழுதிய நீண்ட கடிதம்தான் பிறகு புத்தகமானது. பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவது மட்டுமே வேலை என்று அவர் சொல்லும் இடம் பிரபலம். மென்மையான எழுத்து, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், அதுவே அதன் ஆபத்தும்கூட, ஏனென்றால் வாசித்த சுகத்தில் உட்கார மறந்துவிடும். எதுவானாலும் சரி, இரண்டு செய்முறை நூல்களை ஒரே சமயத்தில் பின்பற்றாதீர்கள். ஒருவர் மூக்கு நுனியைக் கவனி என்பார், இன்னொருவர் வயிறு ஏறி இறங்குவதைக் கவனி என்பார். இரண்டுமே சரிதான், ஆனால் உட்கார்ந்த இடத்தில் எது என்று யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் போனதுதான் மிச்சம்.

ராகுலவும் ஒரு செய்முறை நூலும் பாதி தாண்டியதும் மூலத்துக்கு வந்துவிடுங்கள். புத்தர் பேச்சுகளைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையே ஆயுள் முழுக்க வாசித்து, அந்தப் பேச்சுகளைத் தொடாமலே இருந்துவிடுகிறவர்கள் நிறைய. பாலி நிகாயங்களிலிருந்து (பாலி மொழியில் உள்ள புத்தர் பேச்சுகளின் தொகுப்புகள்) பிக்கு போதி தொகுத்த 'இன் தி புத்தாஸ் வேர்ட்ஸ்' (2005) நல்ல வாசல், ஒவ்வொரு பகுதிக்கும் முன்னுரை உண்டு. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் சுத்தசென்ட்ரல் இணையதளத்தில் நான்கு பெரிய நிகாயங்களும் ஆங்கில மொழிபெயர்ப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே வாக்கியம் நாலைந்து முறை திரும்பத் திரும்ப வருகிறதே என்று எரிச்சல் வரும். எழுத்தில் இறங்குவதற்கு முன் நூற்றாண்டுக்கணக்கில் மனப்பாடமாகவே காப்பாற்றி வந்த பேச்சுகள் அவை, திரும்ப வருவது நினைவில் நிற்பதற்காக. வாய்விட்டு வாசித்தால் அந்த எரிச்சல் பெருமளவு குறையும்.

முதலில் எதை வாசிப்பது? அங்குத்தர நிகாயத்தில் உள்ள காலாம சூத்திரம் (சூத்திரம் என்றால் புத்தரின் ஒரு பேச்சு). எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே, உன் பகுத்தறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள் என்று புத்தர் சொன்னதாக ஒரு மேற்கோள் சுற்றிக்கொண்டே இருக்கிறது இல்லையா, அதன் மூலம் இங்கேதான். போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. எவற்றை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது என்ற பட்டியலில் பரம்பரை, வதந்தி, சாத்திரம், குருவின் மேல் உள்ள மரியாதை ஆகியவற்றோடு தர்க்கமும் ஊகமும்கூட இருக்கின்றன. அவர் கொடுக்கும் உரைகல் வேறு: ஒரு செயல் பேராசை, வெறுப்பு, மதிமயக்கம் இவற்றிலிருந்து வருகிறதா, அதனால் கேடு விளைகிறதா, அறிவுடையோர் அதைப் பழிக்கிறார்களா என்று நீயே பார். எனக்குப் பிடித்ததை நம்புவேன் என்பதற்கும் இதற்கும் வெகுதூரம். புத்தர் பேரில் வரும் மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிடும் பழக்கம் இந்த ஒரு சூத்திரத்திலேயே வந்துவிடும்.

அடுத்து சம்யுத்த நிகாயத்தின் இரண்டு அம்புகள் பற்றிய சூத்திரம், ஒரு பக்கம்தான். உடம்பில் வரும் வலி முதல் அம்பு, அதை நினைத்து மனம் புலம்புவது இரண்டாவது அம்பு. முட்டிவலியோடு தியானத்தில் உட்கார்ந்தவருக்கு இது உடனே பிடிபடும். அதன்பின் மத்திம நிகாயத்தின் 118ஆவது சூத்திரமான ஆனாபானசதி. இதில் மூச்சுத் தியானம் 16 படிகளாக வருகிறது, நீங்கள் முதல் நான்கோடு நின்றாலே போதும். பிராணாயாமம் பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: மூச்சை இழுத்துப் பிடி, இத்தனை எண்ணிக்கைக்கு விடு என்று எதுவும் இல்லை. மூச்சு நீளமாக இருந்தால் நீளம் என்று தியானிப்பவர் அறிகிறார், குட்டையாக இருந்தால் குட்டை என்று அறிகிறார், அவ்வளவுதான்.

தம்மபதத்தை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 423 பாடல்கள், 26 பிரிவுகள், எளிமையாகத் தெரியும், ஆனால் சூழல் தெரியாமல் வாசித்தால் நாட்காட்டியில் அச்சடித்த பொன்மொழி மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். சில சூத்திரங்களுக்குப் பிறகு வாசித்தால் அதே வரிகள் கனக்கும். நாளுக்கு ஒரு பிரிவு போதும்.

தமிழில் வாசிக்க விரும்புகிறவர்கள் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலைத் தேடிப் பிடிக்கலாம். அவர் இறந்த மறு ஆண்டு, 1957இல், ஆங்கில மூலம் வெளியானது. ராகுலவுக்கு அடுத்து இதை வாசிப்பது ஒரு தனி அனுபவம். சித்தார்த்தர் வீட்டைவிட்டுப் போனதற்குக் கிழவர், நோயாளி, பிணம் ஆகிய காட்சிகளே காரணம் என்ற கதையை அம்பேத்கர் ஏற்பதில்லை. நான்கு உன்னத உண்மைகள் புத்தரின் மூல போதனைதானா என்றே கேட்கிறார். ஒருவர் அடித்தளம் என்று காட்டியதை இன்னொருவர் தட்டிப் பார்க்கிறார், நீங்கள் நடுவில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். மணிமேகலையையும் மறந்துவிடாதீர்கள். கதைக்காகப் பள்ளியில் வாசித்திருப்போம், ஆனால் முப்பதாவது காதையில் பேதைமையில் தொடங்கி வேட்கை, பற்று வழியாக மூப்பு, சாவு வரை போகும் துக்கம் ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படி எழுகிறது என்று காட்டும் பன்னிரு சார்புகளின் சங்கிலி நம் மொழியிலேயே இருக்கிறது. உரையோடு வாசியுங்கள். வரலாறு வேண்டுமென்றால் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்'.

தள்ளிப்போட வேண்டியவையும் உண்டு. தத்துவ நூல்கள் எழுதிய நாகார்ஜுனர், தியானத்துக்குப் பெரிய பாடநூலான புத்தகோசரின் விசுத்திமக்கம் இரண்டையும் இப்போது தொடாதீர்கள், ஆர்வம் அங்கேயே செத்துவிடும். ஷுன்ரியு சுசுகியின் 'ஜென் மைண்ட், பிகினர்ஸ் மைண்ட்' பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய, கொஞ்ச காலம் உட்கார்ந்து பழகியவருக்குத்தான் அது பேசும். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தன்' நல்ல நாவல், ஆனால் அதன் நாயகன் புத்தர் இல்லை. புத்தரைச் சந்தித்து, அவரைப் பின்பற்றாமல் விலகிப் போகிறவன்.

கடும் மனச்சோர்வோ பழைய அதிர்ச்சியின் பாதிப்போ உள்ளவர்கள் நீண்ட நேரத் தியானத்தில் இறங்குவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், இதற்குப் புத்தகம் மாற்று இல்லை. மற்றவர்கள் சில மாதம் தொடர்ந்து உட்கார்ந்த பிறகு எஸ். என். கோயங்கா என்ற ஆசிரியர் வழிவந்த பத்து நாள் விபாசனா (உள்ளதை உள்ளபடி கவனிக்கும் தியானம்) முகாமை யோசிக்கலாம். கட்டணம் இல்லை, முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது. அங்கே பேசக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், வாசிக்கவும் எழுதவும்கூட அனுமதி இல்லை, அதனால் பாதியில் நிற்கும் புத்தகத்தை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.