பட்டியலில் பெயர் இல்லாத பெண்ணைக் கண்டடைந்த விதம்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் ஆசிரியையைப் பற்றி ஆராய்ந்தபோது, ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் அவர் பெயருக்கு ஒரு பதிவுகூட அகப்படவில்லை. பட்டியல்கள் பெரும்பாலும் ஆவணங்களை ஒப்படைத்த குடும்பத் தலைவரின் பெயரிலேயே அமைந்திருப்பதால், பெண்களின் கடிதங்கள் 'இதர கடிதங்கள்' என்ற தலைப்பில் அடங்கிவிடுகின்றன.

ஆகவே அவரை விடுத்து, அவரைச் சுற்றியிருந்தவர்களைத் தேடத் தொடங்கினேன். 1837 முதல் நடைமுறையில் உள்ள திருமணப் பதிவேடு, பிறந்த வீட்டுப் பெயரையும் தந்தையின் பெயரையும் தொழிலையும் தந்தது. அங்கிருந்து சகோதரரின் குடும்பத் தாள்களுக்குச் சென்றபோதுதான் அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் கிடைத்தன. 1851 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பத் தலைவருடனான உறவையும் குறிப்பிடுவதால் மிகவும் உதவும். ஆயினும் மனைவியரின் தொழில் பலமுறை வெற்றிடமாகவே விடப்பட்டிருப்பதால், அதை அவர்கள் உழைக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். பள்ளியின் சம்பளப் பேரேடுகளையும் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும்.

உயில்களில் ஒரு நுட்பம் உண்டு. 1882ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துச் சட்டத்துக்கு முன்பு, கணவர் இசைவின்றி மனைவி உயில் எழுதுவது பொதுவாக இயலாததால், விதவைகளின் உயில்களையும் மணமாகாதவர்களின் உயில்களையும் முதலில் பார்ப்பது நல்லது. அவற்றில் சகோதரிகள், மருமகள்கள், பணிப்பெண்கள் எனப் பல பெண்கள் பெயருடன் இடம்பெறுகிறார்கள்.

காப்பாளரிடம் கேட்கும்போது பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர், 'திருமதி' சேர்ந்த கணவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.