ட்ராஃப்ட் ஆகாத ரிசீவர் டீம்ல நிப்பானா? கணிக்கும்போது எல்லாரும் சறுக்குற இடங்கள்

ஆகஸ்ட் வந்தா போதும், நம்ம வாட்ஸ்அப் குரூப்ல புதுசா என்எஃப்எல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக், பாக்க ஆரம்பிச்ச பசங்க ஆளுக்கொரு வீடியோவ தூக்கிட்டு வந்துடுவானுங்க. ட்ராஃப்ட்ல, அதாவது டீமுங்க காலேஜ் பசங்கள வரிசையா எடுக்குறதுல, ஏழு ரவுண்டுலயும் யாரும் சீண்டாத ஒரு ரிசீவர் (ஓடிப் போய் பாஸ புடிக்கிறவன்), சீசனுக்கு முன்னாடி நடக்குற பிரீசீசன் மேட்ச்ல ஒத்தக் கையில பந்த புடிச்சிருப்பான், உடனே "அண்ணா இவன் கன்ஃபர்ம், எழுதி வச்சுக்கோங்க". நானும் சிரிச்சுட்டு விட்டுடுவேன், ஏன்னா பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே டயலாக்க நான் தான் அடிச்சிட்டு இருந்தேன். மினியாபோலிஸ் வந்ததுல இருந்து கேம்ப்ல வெயில்ல நிக்கிறது, டீம்ல கடைசியா நிக்கப் போற 53 பேர் லிஸ்ட் போடுறது, டைனஸ்டி லீக்ல (வருஷா வருஷம் அதே ஆளுங்கள வச்சு ஆடுற ஃபேன்டஸி லீக்) காச விடுறதுன்னு ஒவ்வொரு கோடையும் இப்படியே போகுது. குள்ளமா இருக்கான்னு ஒதுக்காதீங்க, சின்ன காலேஜ்னு இளக்காரமா பாக்காதீங்கங்கிற மாதிரி அரிச்சுவடியெல்லாம் இங்க கிடையாது. அத தாண்டி வந்தவங்க விழுற குழிங்கள மட்டும் சொல்றேன்.

53-ல இருந்து கணக்கு போடுறது

90 பேரோட கேம்ப் ஆரம்பிக்கும், ஆகஸ்ட் கடைசியில 53. இப்பல்லாம் நடுவுல சின்னச் சின்ன கட் கூட இல்ல, 2023-ல இருந்து ஒரே வெட்டு தான். "53 இடம் இருக்கேண்ணா"ன்னு ஒரு தம்பி கேட்டான். 53 இலை போட்டிருக்காங்க சரி, ரிசீவர் வரிசையில எத்தன இலைன்னு பாக்கணும்ல. அஞ்சு, மிஞ்சிப் போனா ஆறு. அதுல மூணு பேர் கேம்ப் தொடங்குறதுக்கு முன்னாடியே உக்காந்தாச்சு. நாலாவது இடம் பெரும்பாலும் போன வருஷமோ இந்த வருஷமோ ட்ராஃப்ட்ல எடுத்த பையனுக்கு, அவன் கொஞ்சம் சொதப்பினாலும் எடுத்த ஜெனரல் மேனேஜருக்கு தன் தப்ப ஒத்துக்க மனசு வராது, கேரண்டி பணம் வேற வீணாப் போகும். ஆக நம்ம ஆளு அடிச்சுக்கறது ஒண்ணு ஒன்றரை இடத்துக்கு.

40 கஜ ஓட்டம்

40 கஜத்த எத்தன செகண்டுல ஓடுறான்னு மட்டும் பாத்து ஒதுக்குறது. பெரிய ஸ்டார் ரிசீவர் கூப்பர் கப்பே 4.62 செகண்டுல மெதுவா ஓடினவர் தான். அடுத்தது.

பந்து புடிக்கிறத மட்டும் பாக்குறது

இது தான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

அப்போ எங்க ஊர் டீம் வைக்கிங்ஸோட கேம்ப் மன்கேட்டோல, மினசோட்டா ஸ்டேட் காலேஜ் மைதானத்துல நடக்கும், ஈகனுக்கு இன்னும் மாறல. 2013-ல அதே காலேஜ்ல படிச்ச ஒரு பையன் ட்ரையவுட்டுக்கு வந்து ஒட்டிக்கிட்டான், ஆடம் தீலன், டிட்ராய்ட் லேக்ஸ் ஊர்க்காரன், டிவிஷன் 2-ங்கிற கீழ்மட்ட காலேஜ் ஆட்டம், ட்ராஃப்ட்ல பேரே வரல. அவன் பந்த தொட்டாலே கூட்டம் கத்தும். நான் நோட்டுல எழுதினது இன்னும் இருக்கு: "உள்ளூர் பையன், அதான் கைதட்டு." அந்த வருஷம் அவன கட் பண்ணி ப்ராக்டிஸ் ஸ்குவாட்ல (53-க்கு வெளிய பயிற்சிக்கு வச்சுக்கிற ஆளுங்க) போட்டாங்க, எனக்கு தல கால் புரியல, பெரிய சாமியார் கணக்கா குரூப்ல பேசிட்டு திரிஞ்சேன்.

அடுத்த வருஷமும் போனேன். கேம்ப்ல ஒவ்வொரு பீரியட் முடியும்போதும் ஒரு ஹாரன் அடிப்பாங்க. ஸ்பெஷல் டீம்ஸ் (பந்த உதைக்கிற ஆட்டங்களுக்கான கூட்டம்) பீரியடுக்கு ஹாரன் அடிச்சதும் வேலிப் பக்கம் நிக்கிற கூட்டம் பாதி லெமனேட் வாங்க கிளம்பிடும், முதல் ஆளா நான் இருப்பேன். பன்ட் (பந்த எதிரணிக்கு உதைச்சு விடுறது) கவரேஜ்ல எவன் எங்க நின்னான்னு ஒரு நாள் கூட பாத்தது கிடையாது. என் லிஸ்ட்ல தீலன் இல்ல. வேற ஒரு டீம்ல பிரீசீசன்ல பந்தா புடிச்சு தள்ளின ஒருத்தன் மேல எனக்கு பைத்தியம், அவனுக்காக டைனஸ்டி லீக்ல ரெண்டாவது ரவுண்டு பிக்க தூக்கி குடுத்தேன். கட் அன்னைக்கு அவன் பேரு லிஸ்ட்ல முதல்லயே வந்துச்சு. தீலன் 53-ல நின்னான், நவம்பர் 30-ம் தேதி நடுங்குற குளிர்ல கரோலினாவோட பன்ட்ட தடுத்து டச்டவுன் ஆக்கினான். அப்பவாவது எனக்கு உறைக்கணும்ல? 2014, 2015 ரெண்டு சீசனும் சேத்து மொத்தம் 20 கேட்ச், "20 கேட்ச் புடிக்கிறவன எவன் எடுப்பான்"னு சும்மா கிடைச்சவன விட்டேன். 2016-ல 967 கஜம். 2018-ல முதல் எட்டு மேட்ச்லயும் நூறு நூறு கஜமா அடிச்சான். எங்க லீக் கமிஷனர் மச்சான் இன்னைக்கும் தீபாவளி வாழ்த்தோட அந்த ட்ரேட் ஸ்க்ரீன்ஷாட்ட அனுப்புறான்.

ஏன் இப்படி ஆச்சு? ரெண்டு சீசன் வெறும் 20 கேட்ச்சோட ஒருத்தன எதுக்கு டீம்ல வச்சிருப்பாங்க? அஞ்சாவது, ஆறாவது ரிசீவர் வேலை ரிசீவர் வேலையே இல்லங்க. 53 பேர்ல மேட்ச் அன்னைக்கு யூனிஃபார்ம் போடுறது அதிகபட்சம் 48 பேர். ஸ்டார் ரிசீவர கிக்ஆஃப்ல உதைச்ச பந்த எடுத்து ஓடுறவன புடிக்க ஓட விடமாட்டாங்க, அந்த ஓட்டத்த ஓட வேண்டியது வரிசையில பின்னாடி நிக்கிறவங்க. பந்து மட்டும் புடிக்கத் தெரிஞ்ச அஞ்சாவது ரிசீவர் மேலிருக்கிறவன் யாராவது அடிபட்டா தான் உள்ள வருவான், அதுவரைக்கும் 48-ல ஒரு சட்டைய வீணாக்குறான்னு கோச்சுக்கு தோணும். அதனால அவனோட உண்மையான போட்டி பக்கத்துல நிக்கிற ரிசீவரோட இல்ல, வேற பொசிஷன்ல இருக்கிற அஞ்சாவது சேஃப்டி, கடைசி லைன்பேக்கர், மூணாவது டைட் எண்டு, இவங்களோட. "யாரு கிக்க கவர் பண்ணுவான்"னு ஸ்பெஷல் டீம்ஸ் கோச் ரூம்ல கேக்கும்போது பேரு வரணும்.

பாக்க வேண்டியது இது தான். பன்ட் அடிக்கும்போது ரெண்டு ஓரத்துலயும் தனியா நிக்கிற கன்னர்ல முதல் செட்ல யாரு? அவன ரெண்டு பேர் சேந்து மறிக்கிறானுங்களா, மறிச்சாலும் பந்து புடிக்கிறவன்கிட்ட போய் சேர்றானா? யோசிச்சுப் பாத்தா அது நல்ல ரிசீவருக்கு வேண்டிய அதே தெறமை தான், முன்னாடி மல்லுக்கட்டுறவன ஏமாத்தி விலகி ஓடுறது. மேத்யூ ஸ்லேட்டர் பேட்ரியட்ஸ்ல ரிசீவர்னு தான் பேரு, மொத்த கேரியர்ல புடிச்சது ஒரே ஒரு கேட்ச், ப்ரோ பவுல்ங்கிற ஆல்-ஸ்டார் லிஸ்டுக்கு போனது 10 தடவ. 2024-ல கிக்ஆஃப் ரூல மாத்தினதுக்கப்புறம் ரிட்டர்ன் இன்னும் அதிகமாச்சு, அடுத்த வருஷம் டச்பேக்க (கிக்க திருப்பி ஓடாம விட்டா பந்து வைக்கிற இடம்) 35 கஜக் கோட்டுக்கு தள்ளினதும் கிக்க திருப்பி ஓடத் தெரிஞ்சவன், ஓடுறவன புடிக்கத் தெரிஞ்சவன் ரெண்டு பேருக்கும் மவுசு ஏறிடுச்சு.

இத சொன்னா உடனே ஒருத்தன் விக்டர் க்ரூஸ இழுத்துட்டு வருவான். 2010 ஆகஸ்ட் 16, ஜயன்ட்ஸ் – ஜெட்ஸ் பிரீசீசன், ட்ராஃப்ட் ஆகாத பையன் 145 கஜம், மூணு டச்டவுன். ஆமாப்பா, டீம்ல இடம் கெடச்சுது. ஆனா அந்த சீசன்ல அவன் புடிச்ச கேட்ச் எத்தனன்னு தெரியுமா? சைபர். மூணு மேட்ச், அப்புறம் தொடைத்தசை அடிபட்டு வெளிய. 1,536 கஜம்லாம் அடுத்த வருஷக் கதை. இந்த ஒரு மேட்ச்ச காட்டித் தான் வருஷத்துக்கு இருபது பேர "அடுத்த க்ரூஸ்"னு கிளப்பி விடுறானுங்க.

யாருக்கு எதிரா புடிச்சான்

நாலாவது குவார்ட்டர்ல அவன கவர் பண்ணவன் அடுத்த செவ்வாக்கிழமை மூட்ட கட்டப் போறவன். முதல் குவார்ட்டர்ல, ஸ்டார்ட்டிங் க்வாட்டர்பேக்கோட ஒரு கேட்ச், அது நாலு ஹைலைட்டுக்கு சமம்.

டெப்த் சார்ட்

1995-ல வெய்ன் க்ரெபெட் ஜெட்ஸ் டெப்த் சார்ட்ல, அதாவது யாருக்கு அடுத்து யாருன்னு போடுற வரிசையில, பதினோராவது ரிசீவரா இருந்தாரு. அங்கயே 11 வருஷம் ஆடினாரு.

கடைசி பிரீசீசன் மேட்ச்ல இறக்கலன்னு பதறுறது

புது பசங்க எல்லாரும் இத தலகீழா படிப்பானுங்க. மூணாவது மேட்ச்ல நம்ம ஆளு ஹெல்மெட்ட கழட்டி வச்சுட்டு ஓரமா நின்னு சிரிச்சுட்டு இருந்தா, காயம் எதுவும் இல்லன்னா, நல்ல சகுனம். அடிபட்டுடக் கூடாதுன்னு பொத்தி வைக்கிறாங்க. மேட்ச் முழுக்க ஓட விட்டா தான் நான் கவலப்படுவேன்.

கட் ஆயிட்டான், கத முடிஞ்சுது

முடியல. நாலு சீசன் முழுசா ஆடாதவன கட் பண்ணா வேவர்ல போவான், 24 மணி நேரத்துல மத்த 31 டீம்ல யாரும் கேக்கலன்னா ப்ராக்டிஸ் ஸ்குவாட்டுக்கு வரலாம், அங்க 16 இடம். அங்கிருந்து சீசனுக்கு மூணு தடவ மேட்ச்சுக்கு மட்டும் மேல தூக்கிக்கலாம். அப்புறம் 2024-ல இருந்து ரெண்டு பேர கட் அன்னைக்கே இன்ஜுரி லிஸ்ட்ல போட்டுட்டு பின்னாடி திரும்பக் கூப்பிட்டுக்கலாம்னு ரூல் வந்துருச்சு, அந்த ஓட்டை வழியா ஒரு ஆள் கூடுதலா நிக்கலாம். ட்ராஃப்ட் ஆகாத ரிசீவர் வெஸ் வெல்கர சார்ஜர்ஸ் 2004-ல முதல் வாரமே கழட்டி விட்டுச்சு, டால்ஃபின்ஸ் எடுத்துக்கிச்சு. அக்டோபர்லயே பேட்ரியட்ஸோட மேட்ச்ல கிக்ஆஃப் திருப்பி ஓடி, பன்ட் திருப்பி ஓடி, ஃபீல்ட் கோல் அடிச்சு, எக்ஸ்ட்ரா பாயிண்ட் அடிச்சு, டேக்கிளும் போட்டாரு. பின்னாடி அதே பேட்ரியட்ஸ் அவர வாங்கிக்கிச்சு.

ஜெர்சி வாங்குறது

செவ்வாக்கிழமை சாயங்காலம் 53 லிஸ்ட் வந்ததும் ஆர்டர் போடாதீங்க. புதன்கிழமை மத்தியானம் வேவர் க்ளெய்ம் வரும், வேற டீம்ல கட் ஆனவன எடுத்துட்டு உங்க ஆள ஒரே நாள்ல வெளிய அனுப்புவாங்க. வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க. எங்க வீட்டுல அப்படி வாங்கின ஒண்ணு கெடக்கு, என் வீட்டம்மா அதுல தான் கார் கண்ணாடி தொடைக்கிறாங்க.